மழலைக்கு வீட்டிலேயே பள்ளி: இடமும் நேரமும்

பொங்கல் விழாப் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் இளம் தாயார் என்னிடம் வந்தார். "அங்கிள், உங்க பேரனை நர்சரிக்கு அனுப்பாம வீட்டிலேயே வச்சுச் சொல்லித் தர்றீங்களாமே, அந்த டைம்டேபிளைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றார். அப்படி நின்றபடியே சொல்லிவிடக்கூடிய விஷயம் அல்ல அது. பிறகு வேறு சிலரும் கேட்டார்கள். ஆகவே நம் மலரிலேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இரண்டு டைம்டேபிள்கள் இருக்கின்றன. முதலாவது படுதோல்வி அடைந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இரண்டாவது விளங்கும்.

மாப்பிள்ளைக்கு இங்கே மாற்றலானபோது பேரனுக்கு வயது மூன்று. திருச்சி பொன்மலையில் எங்கள் மடியில் வளர்ந்தவன். ஜங்கிளிகாட் பக்கம் வீடு பார்த்து, கொஞ்ச நாளில் ஒரு நர்சரியில் சேர்த்தார்கள். அங்கே பேச்செல்லாம் இந்தி. பையனுக்குத் தெரிந்ததோ தமிழ் ஒன்றே. தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், கொண்டுபோன புட்டியைத் திறக்கவும் தெரியாமல், நாக்கு வறண்டு வீடு வருவான். மூன்றாவது வாரம் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டான். தலையாட்டுவான், கையைக் காட்டுவான், அவ்வளவுதான். மகள் போனில் அழுதாள். நானும் என் மனைவியும் மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கினோம். முதலில் மருத்துவரிடம் காட்டினோம். காதிலோ நாக்கிலோ குறை ஒன்றுமில்லை என்றார். (குழந்தை பேச்சை நிறுத்தினால் யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். வீட்டு வைத்தியம், மந்திரிப்பு எல்லாம் பிறகு.) நர்சரிக்காரர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஓராண்டு வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

இப்படி வைத்துக்கொள்ளலாமா, சட்டம் இடம் கொடுக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்றே கணக்கு வைக்கிறது. 3 முதல் 6 வரை நர்சரியா, அங்கன்வாடியா, வீடா என்பது பெற்றோர் விருப்பம். எனவே "ஒரு வருஷம் வீணாகிறதே" என்று பதற வேண்டியதில்லை. அதே கொள்கை, முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தத் தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. அப்படி இருந்தும் நம் பிள்ளைகள் மூன்று வயதிலேயே தமிழைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இனி என் முதல் டைம்டேபிள். நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆகவே ஒரு கிராஃப் தாளில் கோடு போட்டேன். 8.00 எழுத்து, 8.20 எண், 8.40 பாட்டு, 9.00 வண்ணம் தீட்டல், இப்படி இருபது இருபது நிமிடமாக மாலை 5 மணி வரை. பாடம் மாறும் நேரம் தெரிய வேண்டுமே என்று, டிராலியில் போகும்போது வைத்திருந்த பழைய விசிலை ஊதினேன். பத்து நாள் ஓடிற்று. பதினோராம் நாள் காலை நான் சட்டைப் பையில் கை விட்டதும், பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். என் மனைவி வந்து பார்த்தாள். "ஏங்க, அவன் என்ன உங்க கேங்மேனா?" என்று கேட்டுவிட்டு விசிலை வாங்கிக்கொண்டு போனவள், அதை எங்கே வைத்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவன் பயந்தது இந்திக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பத்து நாள் ஒன்றும் செய்யாமல், அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் நோட்டில் குறித்தேன். முதலில் கண்ணில் பட்டது தூக்கம்தான். கடிகாரத்தில் 5 மணி ஆகும்போதே விழித்துவிடுகிறான். 11 மணிக்குப் பசி. 12 மணிக்குக் கண் சொருகுகிறது. நானோ 12.20க்கு "வடிவங்கள்" என்று எழுதி வைத்திருந்தேன்.

இதற்குக் காரணம் நம் சூரியன். இந்திய நேரம் என்பது மிர்சாப்பூர் பக்கம் ஓடும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஸ்ரீ விஜயபுரம் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர், நம் வாயில் இன்னமும் அதுதான் வருகிறது) ஏறத்தாழ 92¾ பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக இங்கே சூரியன் கடிகாரத்துக்கு 41 நிமிடம் முந்தி நடக்கிறது. திருச்சியில் சுமார் 15 நிமிடம் பிந்தி நடக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி வித்தியாசம். ஜூனில் இங்கே 5 மணிக்கே விடிந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பெரியவர்கள் ஆபீஸ் மணியைப் பார்த்துப் பழகிவிடுவோம். குழந்தையின் வயிறும் கண்ணும் சூரியனைத்தான் பார்க்கின்றன. அந்தக் காலத்தில் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின, 1906இல்தான் இந்திய நேரம் வந்தது. என் பேரன் தீவு நேரப்படி ஓடுகிறான் என்று வைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தில் "ஒன்பது மணிக்குப் படிப்பு, ஒரு மணிக்குச் சாப்பாடு" என்று வைத்தால், குழந்தைக்கு அது பத்து மணிப் படிப்பும் இரண்டு மணிச் சாப்பாடும் ஆகிவிடும். முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

இடத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கொடைக்கானலில் இருந்த ஓர் அம்மையாரிடமிருந்து என்று சொன்னால் வியப்பாக இருக்கும். மரியா மாண்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் சிறு பிள்ளைகளுக்கான முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று அவரது மகனை வெள்ளைக்கார அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தார்கள். ஆனாலும் 1946 வரை அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, அங்கேயும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளி நடத்தினார். அவர் சொன்னதில் பாதி சாமான்களைப் பற்றியதுதான். மேசை, நாற்காலி, தட்டு எல்லாம் குழந்தையின் அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும். குழந்தை தானே எடுக்க வேண்டும், தானே திருப்பி வைக்க வேண்டும். பெரியவர் குறுக்கே போகக் கூடாது.

இது எனக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. ரயில்வேயில் பிளாட்பாரம் எவ்வளவு உயரம், தண்டவாளத்திலிருந்து சுவர் எவ்வளவு தள்ளி என்பதற்கெல்லாம் ஓர் அளவுப் புத்தகம் உண்டு. வண்டியை அளந்துதான் பிளாட்பாரம் கட்டுவோம். அப்படியே பையனை அளந்தேன். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம் நாற்காலியின் உயரம். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரம் மேசையின் உயரம். நின்றபடி அவன் கண்ணுக்கு நேராக வருவதே அலமாரியின் மேல் தட்டு. உங்கள் குழந்தைக்கும் இப்படியே அளந்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தனி அறை இல்லை. ஹாலில் ஆறடிக்கு ஐந்தடி ஒரு மூலை கிடைத்தது. அது போதும், பெரிய இடம் வேண்டியதே இல்லை. வாசலும் டி.வி.யும் கண்ணில் படாத மூலையாகவும், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதாகவும் பார்த்துக்கொண்டேன் (இடக்கைப் பிள்ளை என்றால் வலப்பக்கம்). தச்சர் கடையில் மிஞ்சிய படாக் பலகைத் துண்டுகளை வாங்கி இரண்டு தட்டு அலமாரி ஒன்று அடித்தேன். அதைச் சுவரோடு இரண்டு இரும்பு எல் கிளாம்பு வைத்து முடுக்கியிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 பார்த்த ஊர் இது. குழந்தை நடமாடும் இடத்தில் தனியாக நிற்கும் பீரோ, மேல் தட்டில் கனமான பொருள் இரண்டும் கூடவே கூடாது. அலமாரியைச் சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஒட்டி வைத்தால் ஒரே பருவத்தில் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, வெயில் கண்ட நாளில் காய வைக்கிறோம்.

தட்டில் ஆறே பொருள்கள். நீர் ஊற்றி மாற்றப் பழக இரண்டு சிறு சொம்பு. துவரை, உளுந்து, கொண்டைக்கடலை கலந்த ஒரு கிண்ணம், பிரித்துப் போட மூன்று கிண்ணம். சட்டத்தில் மாட்டிய பழைய சட்டை, பித்தான் போட்டுப் பழக. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்க ஐந்து பாத்திர மூடிகள். எழுத்து அட்டைகள். ஒரு படப் புத்தகம். மற்றதெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கும். ஞாயிறுதோறும் இரண்டை உள்ளே போட்டு இரண்டை வெளியே எடுப்போம். பொம்மைகளை மொத்தமாகக் கூடையில் கொட்டி வைத்தால் குழந்தை கூடையைக் கவிழ்ப்பதோடு சரி. (வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பருப்பும் பித்தானும் வேண்டாம், விழுங்கிவிடும்.)

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் ஒரு டோக்கன் கொடுப்பார்கள், பிரம்பு வளையத்தில் தொங்கும் பையில் அது இருக்கும். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்த பிறகுதான் இன்னொரு வண்டி. அதே போல ஒரு சின்னப் பிரம்பு வளையம் பின்னி அலமாரிப் பக்கம் ஆணியில் மாட்டினேன். வளையத்தை எடுத்தால் பாயை விரிக்கலாம், ஒரு பொருள் எடுக்கலாம். அதைத் திருப்பி வைத்து, வளையத்தை மாட்டிய பிறகுதான் அடுத்தது. இந்த ஒன்றை நான் ஒரு தடவைதான் செய்து காட்டினேன். மறுநாளிலிருந்து அவனே ஸ்டேஷன் மாஸ்டர். என் மனைவி பாயை மிதித்துவிட்டால் கையை நீட்டித் தடுப்பான்.

இப்போது நேரம். என் இரண்டாவது டைம்டேபிளில் நிமிடம் கிடையாது, வரிசை மட்டும் உண்டு. விடிந்ததும் எழுந்து பல் தேய்த்து, பால் குடித்துவிட்டு வெளியே. 6 மணிக்கு இங்கே நல்ல வெளிச்சம், வெயிலும் ஏறாது. செடிக்குத் தண்ணீர், பிறகு நடை. வந்து குளியல், இட்லி. 8 மணிவாக்கில் பாய். அன்று அவனுக்குப் பிடித்தால் ஒன்றரை மணி நேரம், பிடிக்காவிட்டால் இருபது நிமிடம். அந்த நேரத்தில் அவனோடு பேசுவதில்லை, "சபாஷ்" கூடச் சொல்வதில்லை. தண்டவாளத்தில் வேலை நடக்கப் போக்குவரத்தை நிறுத்தி 'பிளாக்' கொடுப்பது போல, வீட்டாரும் அப்போது குறுக்கே வர மாட்டார்கள். போனும் அடங்கியிருக்கும். பிறகு பாட்டியோடு சமையலறை: பட்டாணி உரிப்பு, கறிவேப்பிலை உருவல், தட்டு எண்ணிப் போடுதல். 11.30க்குச் சாப்பாடு, தூக்கம். எழுந்ததும் கதை, விளையாட்டு. 3.30க்கு வெளியே மற்றப் பிள்ளைகளோடு. இருட்டுவதற்குள் வீடு. 7.30க்கெல்லாம் தூங்கிவிடுகிறான். மணி ஐந்து பத்து முன்னே பின்னே ஆனால் யாருக்கும் கவலையில்லை. இட்லிக்குப் பின் பாய், பாய்க்குப் பின் சமையலறை என்பது மட்டும் மாறாது. அடுத்து என்ன என்று தெரிந்தால் குழந்தைக்குப் பயம் போய்விடுகிறது. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு 8.20 என்பதற்கு என்ன பொருள்?

இன்னொன்று. ரயிலில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், வழியெல்லாம் பத்து நிமிடம் தாமதமாக ஓடிய வண்டி கடைசி நிலையத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். டைம்டேபிள் போடும்போதே கடைசிப் பகுதியில் கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்திருப்பார்கள், ரிக்கவரி டைம் என்று பெயர். என் முதல் டைம்டேபிளில் அது ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டாவதில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி வெறுமனே விட்டிருக்கிறேன். அப்போது நாங்கள் ஒன்றும் கற்பிப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்போம், ஹட்டோ பக்கம் போய்க் கப்பல் பார்ப்போம்.

இரண்டாம் மாதம் அப்படி ஒரு மாலை கப்பல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய கப்பல் ஒன்று மெல்லத் திரும்பியது. பையன் என் விரலை இழுத்து, "தாத்தா, இதுக்குத் தண்டவாளம் எங்க?" என்றான். ஏழு வாரத்துக்குப் பின் வந்த முதல் வாக்கியம். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அவனிடமே போய், "தாத்தாகிட்ட என்ன கேட்டே?" என்றாள். அவன் மறுபடி ஒரு தடவை கேட்டான்.

மழைக்காலத்தில் இந்த வரிசையும் தள்ளாடும். மே முதல் டிசம்பர் வரை பெய்கிற ஊர். பலத்த மழைக்கு ரயிலில் வேகம் குறைக்கச் சொல்லி டிரைவருக்குச் சீட்டு கொடுப்போம். வீட்டிலும் அப்படித்தான். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசுவது காதில் விழாது, அந்த நேரத்தில் கதை சொல்லித் தொண்டையை வறட்டிக்கொள்வானேன்? பருப்புப் பிரிப்பு, மண் பிசைதல் போன்ற கைவேலைகள் அப்போதைக்கு. மின்சாரம் போனால் சுவரில் நிழல் காட்டுவோம். நடை தவறிய நாளில் வராந்தாவில் பாயைச் சுற்றி ஓட விடுவோம். ஓடாத பிள்ளை மதியம் தூங்காது.

எழுத்து என்று தனியாகப் பாடம் நடத்தவில்லை. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறேன். விரலால் தடவி, ஒலியைச் சொல்ல வேண்டும். இதுவும் மாண்டிசோரி அம்மையார் வழிதான். அ, ஆ என்று தொடங்கினால் சுழியில் விரல் சிக்கிக்கொள்கிறது. ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினேன், படம், பட்டம் என்று சொல் உடனே கிடைத்துவிடுகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதினார்களே, அதற்கு ஒரு தட்டில் உப்பைப் பரப்பினேன். இந்த ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் உப்பு கசிந்துவிட்டது. இப்போது வறுத்த ரவை, வேலை முடிந்ததும் மூடி போட்ட டப்பாவில். இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து. எண்ணுவதற்குக் கடற்கரையில் பவளத் துண்டு பொறுக்கி வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். புளியங்கொட்டை போதும்.

தமிழை வீட்டில் பிடித்துக்கொண்டால் இந்தி வராமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு: வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று பிள்ளைகள் தெளிவாகவே பிரித்துக்கொள்கிறார்கள். மாலை விளையாட்டில் வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. பந்தைப் பிடுங்கிச் சண்டை போட்டே நாலு மாதத்தில் என் பேரன் இந்தி கற்றுக்கொண்டான். வீட்டுப் பள்ளி என்று குழந்தையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது நர்சரியைவிட மோசம்.

தாத்தா பாட்டி இல்லாத வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று அந்தத் தாயாரும் கேட்டார். முழுவதும் நடக்காது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பகலுக்கு அங்கன்வாடியோ நல்ல நர்சரியோ வேண்டும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம் அது. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டமும் உணவும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் தீவுச் சூரியன் நமக்கு ஆபீசுக்கு முன் ஒரு மணி நேரத்தைத் தந்திருக்கிறது. 6 முதல் 7 வரை ஒருவர் சமைக்கட்டும், மற்றவர் குழந்தையோடு பாயில் உட்காரட்டும். அந்த மூலையும் ஆறு பொருளும் வளையமும் மட்டும் இருந்தால் போதும். மாலையில் களைத்து வந்து எழுத்து சொல்லிக் கொடுக்க முயல வேண்டாம். அது கதைக்கும் சோறூட்டலுக்கும் உள்ள நேரம்.

வரும் கல்வி ஆண்டில் பேரனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று மகளும் மாப்பிள்ளையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் என் எண்ணத்தைச் சொல்லிவிட்டேன், முடிவு அவர்களுடையது. தண்ணீர் புட்டியைத் திறக்கவும், "தண்ணீர் வேண்டும்" என்பதை இரண்டு மொழியில் கேட்கவும் இப்போது அவனுக்குத் தெரியும்.

அலமாரியின் அளவுகளை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வந்தால் பிரதி தருகிறேன். பிரம்பு வளையம் பின்னவும் கற்றுத் தருகிறேன், அரை மணி வேலை.